வலி வரவழைக்கும் வேளை



பேறுகாலம் நெருங்கிய பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமுன் கோவிலுக்கு அழைத்து வந்து ஆசீர் பெற்றுச் செல்வது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். முன்பெல்லாம், "சாமி, வலி கண்டிருச்சு, செபிச்சுக்கோங்க" என்று ஆள் ஓடிவரும். இப்போதோ பெண் வலியேதுமின்றி நடந்தே வருகிறாள். உடன்வரும் தாயின் முகத்திலேதான் வேதனை தெரிகிறது. "சாமி, பிள்ளைக்குத் தேதி தாண்டிப் போச்சாம். நாளைக்குச் சேத்து வலி வர மருந்து வைக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தானா வரவேண்டிய வலிய மருந்து வச்சு வரவழைக்கலாமா? உசுருக்கு ஒண்ணும் ஆகாதே?" திருத்தங்கல்லிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் இக்கேள்வி ஏறத்தாழ இதே சொற்களில் கேட்கப்படுகிறது.

இதனுள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. ஒன்று உடலைப் பற்றியது. மற்றது மனச்சான்றைப் பற்றியது. முதலாவதற்கு விடையளிக்க உரியவர் மருத்துவரே. ஆயினும், கூட்டம் மிகுந்த பிரசவப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் அனைத்தையும் விளக்கிக்கூற மருத்துவருக்கு நேரம் வாய்ப்பதில்லை. அறியாமையிலிருந்து அச்சமும், அச்சத்திலிருந்து அவசர முடிவும் பிறக்கின்றன. ஆகவே, ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவற்றை இம்மாதம் எழுத முற்படுகின்றேன்.

எப்போது, ஏன்?

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள்கள், அதாவது 40 வாரங்கள் என்பது பேறுகாலக் கணக்கு. ஆனால் குறித்த தேதி புகைவண்டியின் கால அட்டவணை அன்று. அதற்கு இரு வாரம் முன்போ, சில நாள் பின்போ குழந்தை பிறப்பது இயல்பே. தேதி கடந்த மறுநாளே பதறவேண்டிய தேவை இல்லை.

எனினும் இயல்புக்கும் ஓர் எல்லை உண்டு. 41 வாரம் நிறைந்த பின்னும் வலி காணாவிட்டால், குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் ஊட்டிவந்த நஞ்சு தளரத் தொடங்கலாம். பனிக்குட நீர் குறையலாம். குழந்தை கருவிலேயே இறக்கும் ஆபத்து, சிறிதே ஆயினும், நாளுக்கு நாள் ஏறுகிறது. இதனாலேயே 41 வாரம் நிறைந்த தாய்மாருக்கு வலியை வரவழைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது.

வேறு காரணங்களும் உள. தாயின் இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் வெளியாதல், சர்க்கரை நோய், வலி காணாமலே பனிக்குடம் உடைதல், கருவில் குழந்தையின் வளர்ச்சி குன்றுதல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. இரத்த அழுத்தம் முற்றினால் வலிப்புக் கண்டு தாயின் உயிருக்கே மோசம் வரக்கூடும். பனிக்குடம் உடைந்து நேரம் செல்லச் செல்லக் கிருமி உட்புக வழியுண்டு. இந்நிலைகளில் குழந்தை உள்ளே இருப்பதினும் வெளியே வருவதே நலம் என்று மருத்துவர் கணிக்கிறார்.

நஞ்சு கீழிறங்கிக் கருப்பை வாயை மறைத்திருந்தாலோ, குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ வலியை வரவழைக்கக் கூடாது. முன்பு சிசேரியன் ஆனவர்கள் அதனைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும். பழைய தையல் உள்ள கருப்பைக்குச் சில மருந்துகள் ஆகா.

இவை அனைத்துக்கும் அடிப்படை சரியான நாள்கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். முதல் மூன்று மாதத்திற்குள் எடுக்கும் ஸ்கேனே கருவின் வயதைத் திருத்தமாகக் காட்டும். கடைசி மாதத்தில் எடுப்பது அவ்வளவு துல்லியமாகாது. கணக்குத் தவறினால், முதிராத குழந்தையை முதிர்ந்ததென எண்ணி வெளியே கொணரும் விபரீதம் நேரலாம்.

என்ன செய்வார்கள்?

முதலில் மருத்துவர் உட்சோதனை செய்து கருப்பை வாயின் நிலையை அறிவார். அது எவ்வளவு திறந்துள்ளது, எவ்வளவு மெலிந்துள்ளது, மிருதுவாக உள்ளதா, எத்திசையில் உள்ளது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியுள்ளது என்னும் ஐந்து குறிப்புகளுக்கும் மதிப்பெண் இடுவார். 1964ஆம் ஆண்டில் பிஷப் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை இது. ஆகவே 'பிஷப் ஸ்கோர்' என்று தாதியர் பேசிக்கொண்டால், நம் ஆயரைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்!

மதிப்பெண் குறைவானால், வாய் இன்னும் பழுக்கவில்லை என்பது பொருள். காயைத் தடியால் அடித்து வீழ்த்துவதினும் பழுக்கவிட்டுப் பறிப்பதே முறை அன்றோ? அவ்வாறே முதலில் வாயைப் பழுக்க வைக்கிறார்கள். இதற்கு மூன்று வழிகள் பெருவழக்காய் உள்ளன. ஒன்று, சிறுநீர் இறக்கப் பயன்படும் ஃபோலி குழாயை உட்செலுத்தி, அதன் நுனியிலுள்ள சிறு பலூனில் நீர் நிரப்பி மெல்ல விரியச் செய்தல். இரண்டு, ஜெல் எனப்படும் களிம்பு மருந்தை உள்ளே வைத்தல். மூன்று, மிசோபிரஸ்டால் என்னும் மாத்திரையை மிகச் சிறிய அளவில், வாய்வழியானால் 25 மைக்ரோகிராம் வீதம் இரண்டு மணிக்கொருமுறை கொடுத்தல்.

வாய் இளகிய பின், தேவையானால் பனிக்குடத்தை உடைத்துவிடுவார்கள். இது தாய்க்கு நோவு தருவதன்று. வெதுவெதுப்பான நீர் பெருகுவதை மட்டும் அவள் உணர்வாள். பின்னர் ஆக்சிடோசின் என்னும் மருந்தை ட்ரிப்ஸ் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். குறைந்த அளவில் தொடங்கி, வலியின் போக்கைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். கூடவே குழந்தையின் இதயத்துடிப்பையும் இடைவிடாது கவனிப்பார்கள்.

பொறுமை வேண்டும்

குடும்பத்தார் மனத்தில் இருத்தவேண்டியது ஒன்று உண்டு. மருந்து வைத்தவுடன் பிள்ளை பிறந்துவிடாது. தலைப்பிரசவமானால் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள்கூட ஆகலாம். முதல் பல மணி நேரம் சிறு இழுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாமற் போகலாம். அது மருந்து தோற்றதன் அடையாளம் அன்று.

நம் நாட்டு ஆய்வு ஒன்றைச் சுட்டுவேன். நாகபுரியின் அரசு மருத்துவமனைகளில், இரத்த அழுத்தம் மிகுந்த 602 கருவுற்ற தாய்மாரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஃபோலி குழாயும் மறு பிரிவினருக்கு வாய்வழி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, 24 மணி நேரத்திற்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 57 பேர். குழாய்ப் பிரிவில் 47 பேர். எஞ்சியோருக்கு இன்னும் நேரமோ, அறுவையோ தேவைப்பட்டது. வாசலில் நின்று, "காலையில சேத்தோம், பொழுது சாஞ்சிருச்சு, இன்னும் ஒண்ணையும் காணோமே" என்று தாதியரைக் கடிந்துகொள்ளும் மாமியாரும் மதினியும் இக்கணக்கை அறிந்திருப்பது நல்லது.

மருந்தினால் வரும் வலி, தானே வரும் வலியைவிட விரைந்து மிகக்கூடும். வலிகுறைக்கும் மருந்து கிடைக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். நடக்கலாமா, எதை உண்ணலாம், எதைக் குடிக்கலாம் என்பதையும் கேட்டறியுங்கள். பிள்ளைபெற்ற அனுபவமுள்ள ஓர் உறவுப்பெண் அருகிலிருந்து கையைப் பற்றிக்கொள்வது பெருந்துணை. பிரசவ அறையில் துணையை அனுமதிக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் வலியுறுத்துகிறது. அத்துணைக்குச் செல்பவர் தம் பேறுகாலத்தில் பட்ட பாட்டையெல்லாம் அங்கே கதையாகச் சொல்லாதிருத்தல் நலம்.

அபாயம் இல்லையா?

உண்டு; மறைப்பதில் பயனில்லை. பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் கருப்பை இறுகினால், இடையில் குழந்தைக்கு உயிர்வளி குன்றி இதயத்துடிப்பு தாழலாம். பிரசவத்திற்குப் பின் இரத்தப்போக்கு மிகலாம். மிக அரிதாகக் கருப்பை கிழியலாம். எனவேதான் இரவிலும் மருத்துவர் இருக்கும், உடனே அறுவை செய்ய வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே இது செய்யத்தக்கது.

"மருந்து வச்சா சிசேரியன்லதான் போய் முடியும்" என்பது பரவலான அச்சம். தமிழ்நாட்டில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 44.9 குழந்தைகள் அறுவையால் பிறந்தன. இந்தியா முழுமைக்கும் இது 21.5 மட்டுமே. அச்சம் எழுவதில் வியப்பில்லை. ஆனால் பழியை வலி வரவழைப்பதன்மீதே சுமத்துதல் சரியன்று. அமெரிக்காவில் தலைச்சன் பிள்ளையைச் சுமந்த, நோயற்ற 6,106 தாய்மாரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், 39ஆம் வாரத்தில் வலி வரவழைக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 18.6 பேருக்கும், காத்திருந்தவர்களுள் 22.2 பேருக்கும் சிசேரியன் ஆயிற்று. நாள்கணக்குத் திருத்தமாய் இருந்து, பொறுமையும் கண்காணிப்பும் இருந்த இடத்தில் கண்ட முடிவு இது என்பதையும் மறவாதீர்கள்.

மருத்துவமனை மீதே நம் மக்களுக்கு ஐயம் எழக் காரணம் இல்லாமல் இல்லை. 2018 டிசம்பரில் சாத்தூரில் கருவுற்ற பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி கலந்த இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கிற்று. அக்காயம் எளிதில் ஆறாது. எனினும் அதற்கு மருந்து மருத்துவமனையை விட்டு விலகுவதன்று. விழிப்போடு கேள்வி கேட்பதே. "எதற்காக இப்போதே வரவழைக்கிறீர்கள்? இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் என்ன ஆகும்? எந்த மருந்து? பலிக்காவிட்டால் அடுத்து என்ன?" இந்நான்கு கேள்விகளையும் பணிவோடு கேளுங்கள். பெண்ணின் முழுச் சம்மதம் பெற்றே எதுவும் செய்யப்பட வேண்டும். கையொப்பம் இடுமுன் தாளில் இருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டு ஊசி வேண்டவே வேண்டா

ஆக்சிடோசினின் வரலாறு சுவையானது. மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியின் சாறு கருப்பையை இறுகச் செய்வதை 1906இல் ஹென்றி டேல் என்னும் ஆங்கிலேயர் கண்டறிந்தார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதனைச் செயற்கையாய் ஆக்கினார். 1955இல் நோபெல் பரிசு பெற்றார். இறைவன் தாயின் உடலிலேயே வைத்த பொருளைத்தான் மனிதன் குப்பியில் அடைத்திருக்கிறான்.

அதே குப்பி தகாத கையில் நஞ்சாகும். பால் கறக்க மாட்டுக்கு இதனை ஊசியாய்ப் போடும் தீய வழக்கத்தைத் தடுக்க, 2018இல் நடுவண் அரசு தனியார் தயாரிப்பையே தடைசெய்தது. தாய்மாருக்கு இம்மருந்து கிட்டாமற் போய்விடக் கூடாது என்னும் கவலையால் வழக்கு எழ, அவ்வாண்டு டிசம்பரிலேயே தில்லி உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. உயிர் காக்கும் மருந்தென்பதற்கும், தவறாய்க் கையாளப்படும் மருந்தென்பதற்கும் அவ்வழக்கே சான்று.

குழந்தை பிறந்த பின் இரத்தப்போக்கைத் தடுக்க இதனைத் தசையில் ஊசியாகப் போடுவது சரியான முறை. ஆனால் பிறக்குமுன் வலியை விரைவுபடுத்த, ஒருவர் வீட்டுக்கு வந்து தசையில் ஊசி போடுவதாகச் சொன்னால் ஒருபோதும் இசையாதீர்கள். ட்ரிப்ஸில் ஏறும் மருந்தை ஆபத்து வந்தால் உடனே நிறுத்தலாம். தசையில் ஏறிவிட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியுமா? மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவதும் இத்தகைய ஆபத்தே.

நல்ல நேரமும் சம்பளக் கிழமையும்

சித்திரையில் பிள்ளை பிறக்கலாகாது, இன்ன நட்சத்திரத்தில் பிறந்தால் அரசாளும் என்றெல்லாம் கணித்து, அந்நாளில் வலியை வரவழைக்கச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. திருமுழுக்குப் பெற்ற நம்மவருள்ளும் சிலர் சோதிடத் தாளோடு மருத்துவரிடம் செல்வது வருந்தத்தக்கது. கருவின் நுரையீரலும் மூளையும் கடைசி வாரங்களிலும் முதிர்ந்துகொண்டே இருக்கின்றன. தக்க மருத்துவக் காரணமின்றி 39 வாரத்திற்கு முன் குழந்தையை வெளியே அழைப்பது, நம் வசதிக்காக அதன் மூச்சைப் பணயம் வைப்பதாகும்.

இதற்கு நேர்மாறான தவறும் நம் பகுதியில் உண்டு. "திங்கட்கிழமை வந்து சேருங்கள்" என்று மருத்துவர் சொன்னால், "இந்த வாரச் சம்பளத்த வாங்கிட்டுப் போயிருவோம்" என்று தள்ளிப்போடுவோர் பலர். பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் உழைக்கும் குடும்பத்திற்கு மூன்று நாள் கூலி சிறிய தொகையன்று. வலி வரவழைக்கும்போது பெண்ணோடு இன்னும் இருவர் வேலையை விடவேண்டியிருக்கும். அவர்களைக் கடிந்து பயனில்லை. அவர்களுக்கு உரியதை அவர்கள் பெறச் செய்வதே அறம்.

ஈ.எஸ்.ஐ. சந்தா செலுத்தும் பெண்ணுக்கு, உரிய நாள்கள் வேலை செய்திருந்தால், முதல் இரு பேறுகளுக்கு 26 வாரம் பேறுகாலப் பலன் உண்டு. இது 2017 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் 8 வாரம் வரை பிரசவத்திற்கு முன்பே எடுக்கலாம். சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கின்றது. வீட்டிலிருந்து பெட்டி ஒட்டும் பெண்களுக்கோ இப்பாதுகாப்பு எட்டுவதில்லை. ஏழைத் தாய்மாருக்கென டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் உள்ளது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி இரு பேறுகளுக்குக் கிடைக்கும். கருவுற்ற தொடக்கத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யவேண்டும். அவசரத்திற்கு 108 வண்டி இருக்கின்றது. விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்கிவருகின்றது. அன்பியக் கூட்டங்களிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் இவ்விவரங்களைப் பேசுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் பதிவு செய்துவிட்டாளா என்று விசாரிப்பதும் ஒரு திருப்பணியே.

திருச்சபை என்ன சொல்கிறது?

"வலி ஏவாளுக்கு விதித்த தண்டனையாச்சே! அதில மனுசன் கைவைக்கலாமா?" என்போர் இன்றும் உளர். 1956 ஜனவரி 8ஆம் நாள் மகப்பேறு மருத்துவரிடையே உரையாற்றிய திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், பேறுகால வேதனையைத் தணிப்பதற்கு விவிலியம் தடையன்று என்று தெளிவுபடுத்தினார். வலி வரவழைப்பதைப் பொறுத்தவரை, குழந்தை வெளியுலகில் பிழைக்கும் பருவத்தை அடைந்த பின், அதற்குத் தகுந்த காரணம் இருப்பின் செய்யலாம் என்று அமெரிக்க ஆயர்களின் மருத்துவ நெறிமுறை கூறுகின்றது. 'தகுந்த காரணம்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். தாயின் உயிரும் சேயின் நலமும் காரணமாகும். நாள் நட்சத்திரம் காரணமாகாது.

துறவு சபைப் பெண்கள் பிரசவப் பணி செய்வதை ஒரு காலத்தில் திருச்சபையே தடுத்திருந்தது. ஆண் மருத்துவரை அணுகத் தயங்கிய இந்தியப் பெண்கள் உதவியின்றி மடிவதைக் கண்டு நெஞ்சுருகிய அன்னா டெங்கல் போன்றோர் உரோமையில் விடாது வேண்டினர். 1936 பிப்ரவரியில் அத்தடை நீங்கிற்று. அதற்கு முன்பே, 1920இல், தனி அனுமதி பெற்று ஆஸ்திரேலியாவிலிருந்து குண்டூருக்கு வந்த மருத்துவச் சகோதரி மேரி குளோரி எண்ணற்ற ஏழைத் தாய்மாருக்கு மருத்துவம் பார்த்தார். கடவுளின் திருவுளத்தை இவர்கள் கைகட்டி நிற்பதில் காணவில்லை. கை நீட்டிக் காப்பதில் கண்டனர்.

துயரமான ஒரு நிலையையும் சொல்லியாக வேண்டும். கருவிலேயே குழந்தை இறந்துவிட்டால், அதனை வெளிக்கொணர வலியை வரவழைக்க நேரும். இது கருக்கலைப்பு அன்று, பாவமும் அன்று. அத்தாய் தன்மீது பழி சுமத்திக்கொள்ள வேண்டா. பிறரும் சுமத்த வேண்டா. 'திருமுழுக்கின்றிப் போயிற்றே' என்று கலங்குவோர்க்குச் சொல்கிறேன்: 1969இன் அடக்கச் சடங்கு முறையில், திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தைக்கும் தனிச் செபங்கள் தரப்பட்டுள்ளன. அத்தகைய குழந்தைகளின் மீட்பைக் குறித்து நம்பிக்கைகொள்ள நமக்கு வலுவான அடிப்படை உண்டு என்று 2007இல் அனைத்துலக இறையியல் குழுவும் எழுதியுள்ளது. பங்குக் குருவிடம் வாருங்கள். சிறு பெட்டியோடு ஓசையின்றிப் போய்ப் புதைத்துவிட்டு வரவேண்டியதில்லை.

கணவன்மாருக்கு ஒரு சொல்

தேதி கொடுத்தவுடன், மருத்துவக் குறிப்பேடு, ஸ்கேன் தாள்கள், ஆதார், ஈ.எஸ்.ஐ. அட்டை, மாற்றுடை, குழந்தைக்குப் பழந்துணி ஆகியவற்றை ஒரு பையில் எடுத்துவையுங்கள். மனைவியின் இரத்தப் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பெண் எத்தனை மணி நேரம் தவித்தாலும், வெளியில் ஒருவன் அமைதியோடு காத்திருக்கிறான் என்னும் எண்ணமே அவளுக்கு ஆறுதல். மருத்துவர் அறுவை வேண்டுமென்று சொன்னால், 'சுகப்பிரசவம் ஆகவில்லையே' என்று அவளிடம் முகம் சுளிக்காதீர்கள். தாயும் சேயும் உயிரோடு வீடு திரும்பும் எந்தப் பிரசவமும் சுகப்பிரசவமே.

கருவுற்ற தாய்மாரின் பாதுகாவலராகிய புனித ஜெரார்டு மஜெல்லாவின் திருநாள் அக்டோபர் 16. அந்நாளில் மட்டுமன்றி, பங்கில் ஒரு பெண் மருத்துவமனையில் சேர்ந்தாள் என்று அறியும் ஒவ்வொரு மாலையும் உங்கள் குடும்பச் செபமாலையில் அவள் பெயரைச் சொல்லி ஒரு பத்து மணி ஒப்புக்கொடுங்கள். மறுநாள் காலை அவள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், அவற்றில் பிறக்கவிருக்கும் குழந்தைகளையும் ஆசீர்வதிப்பாராக.